வண்டியை வித்தாச்சு, சலான் மட்டும் இன்னும் என் போனுக்கே வருது!

வாசகர் கேள்வி – பதில்

பழைய வண்டி வாங்குறது விக்கிறது பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். வந்ததுல முக்காவாசி இன்ஜினும் இல்ல டயரும் இல்ல, எல்லாம் ஆர்சி (வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்), ஓடிபி, டிஜிலாக்கர், ஆப்புதான். சரி, இந்த தடவ அதையே முழுசா எடுத்துக்குவோம்.

சார் வணக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி என் ஸ்கூட்டரை எங்க ஊர் ஆட்டோ கன்சல்டிங்ல குடுத்தேன். பேர் மாத்துறதுக்கான 29, 30 ரெண்டு ஃபார்ம்லயும் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கிட்டு, பார்ட்டி வந்ததும் பேர் மாத்திடுறோம்னாங்க. இப்ப சேலத்துல ஹெல்மெட் போடலன்னு 1000 ரூபா சலான் என் போனுக்கு வருது, ஒண்ணு இல்ல மூணு. கேட்டா வண்டிய வேற ஆளுக்கு கைமாத்தியாச்சுன்னு சொல்றாங்க. நான் என்ன பண்றது?
– வாசகர், திண்டுக்கல்

நீங்க பண்ணதுக்கு பேரு ஓப்பன் ட்ரான்ஸ்பர், தமிழ்நாடு பூரா தினமும் நடக்குற விஷயம்தான், அதனாலயே தப்பில்லைன்னு எல்லாரும் நெனச்சுக்குறாங்க. கன்சல்டிங்காரருக்கு அதுல ரெண்டு லாபம். நடுவுல அவர் பேருக்கு ஒரு தடவ மாத்துற செலவும் மிச்சம், ஆர்சில ஓனர் எண்ணிக்கையும் ஏறாது, அடுத்தவனுக்கு சிங்கிள் ஓனர் வண்டின்னு நல்ல ரேட்டுக்கு தள்ளலாம். நஷ்டம் மொத்தமும் உங்க பக்கம்.

ஏன்னா சட்டம் பாக்குறது வண்டி யார் வீட்டு வாசல்ல நிக்குதுன்னு இல்ல, ரிஜிஸ்டர்ல யார் பேர் இருக்குன்னுதான். 2018 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் இதை தெளிவாவே சொல்லிடுச்சு. 2007ல வித்த ஒரு மாருதி 800, அதுக்கப்புறம் ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குன்னு கைமாறிக்கிட்டே போயி 2009ல ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, ஆனா ஆர்சில மொத ஓனர் பேரே இருந்ததால நஷ்டஈட்டுக்கு பொறுப்பு அவருதான்னு தீர்ப்பு. சலான் 1000 ரூபாயோட போயிடும் சார், அந்த ஸ்கூட்டர் யாரையாவது இடிச்சிருந்தா, அதுவும் இன்சூரன்ஸ் இல்லாம இடிச்சிருந்தா, லட்சக்கணக்குல உங்க தலையில வந்து விழும். அதனால சலான் மேல இருக்குற கோவத்தை விட்டுட்டு பேர் மாத்துறதுல குறியா இருங்க.

மொதல்ல வாஹன்ங்கற கவர்மென்ட் வண்டிப் பதிவு போர்ட்டல்ல உங்க மொபைல் நம்பர் போட்டு லாகின் பண்ணி, வண்டி நம்பரை அடிச்சு பாருங்க. ஓனர் பேர்ல நடுவுல நடுவுல ஸ்டார் போட்டு மறைச்சுதான் காட்டும், ஆனா உங்க பேரா இல்லையான்னு தெரிஞ்சுக்க அது போதும், இன்சூரன்ஸ் எதுவரைக்கும் இருக்குன்னும் தெரிஞ்சிரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. அப்புறம் வித்த அன்னைக்கு வாங்குன டெலிவரி நோட்டு, பணம் வந்த பேங்க் என்ட்ரி, வாட்ஸ்அப் மெசேஜ், எது கெடைக்குதோ எல்லாத்தையும் சேத்து, வண்டிய வித்துட்டேன்னு தகவல் சொல்ற ஃபார்ம் 29 புதுசா ஒண்ணு பூர்த்தி பண்ணி, ஒரு கவரிங் லெட்டரோட உங்க ஆர்டிஓ ஆபீஸ் தபால் பிரிவுல நேர்ல குடுத்து சீல் போட்ட நகல் வாங்குங்க. சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாள்ல வித்தவர் தகவல் சொல்லணும், வாங்குனவருக்கு 30 நாள். நீங்க லேட்டுதான், ஆனாலும் சொல்லாம இருக்குறதுக்கு சொல்றது மேல். வண்டி யார்கிட்ட இருக்குன்னே தெரியலன்னா போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்து, அதுக்கு அவங்க தர்ற சிஎஸ்ஆர் ரசீது, அதையும் இந்த ஃபைல்ல வைங்க. இதெல்லாம் குடுத்த உடனே பேர் மாறிடாது, வாங்குனவர் வந்து ஃபார்ம் 30-ல கையெழுத்து போட்டாத்தான் மாறும். ஆனா நாளைக்கு கோர்ட்ல கேட்டா நான் சும்மா இருக்கல்லன்னு காட்ட உங்க கையில பேப்பர் இருக்கும்.

கன்சல்டிங்காரர்கிட்ட பேசும்போது ஒரு விஷயம் கேளுங்க. 2023 ஏப்ரல் 1லருந்து பழைய வண்டி டீலர்களுக்குன்னு தனி விதி வந்தாச்சு, ஆர்டிஓகிட்ட அங்கீகாரம் வாங்குன டீலர்னா ஃபார்ம் 29சி-ன்னு ஒண்ணை ஆன்லைன்ல போட்டு வண்டி இனிமே என் பொறுப்புன்னு ஏத்துக்கணும், அதுக்கப்புறம் விக்கிற வரைக்கும் அவர்தான் ஓனர் மாதிரி. உங்களுக்கு அது போட்டாரான்னு கேளுங்க. பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார், அங்கீகாரமே இல்லாத கடைங்கதான் ஜாஸ்தி. ஆனா கேட்டாலே கொஞ்சம் இறங்கி வந்து அந்த சேலத்துப் பார்ட்டியோட போன் நம்பரை எடுத்துக் குடுப்பார். இனிமே வண்டி குடுக்குறவங்க எல்லாரும் 29சி போடுற டீலரா பாத்து குடுங்க, 1000, 2000 கொறைஞ்சாலும் பரவால்ல.

வாங்கப்போற கார் ஓனர், ஆர்சி டிஜிலாக்கர்லயே இருக்கு, பிடிஎஃப் அனுப்பிட்டேன், ஒரிஜினல் கார்டு எங்கயோ வச்சுட்டேன்னு சொல்றார். கவர்மென்டே டிஜிலாக்கர் செல்லும்னு சொல்லுதே, அப்ப நம்பலாமா?
– வாசகி, மதுரை

செல்லும்தான், 2018லயே மத்திய அரசு விதியை திருத்தி டிஜிலாக்கர், எம்பரிவாஹன்னு ரெண்டு கவர்மென்ட் ஆப்லயும் இருக்குற ஆர்சி, லைசென்ஸை ஒரிஜினல் மாதிரி ஏத்துக்கணும்னு சொல்லியாச்சு. ஆனா அது ரோட்டுல போலீஸ் நிறுத்துனா காட்டுறதுக்கு. பேர் மாத்துறப்ப ஆபீஸ்ல கேக்குறது ஒரிஜினல் ஆர்சிய. கார்டு இல்லன்னா அவர்தான் டூப்ளிகேட்டுக்கு அப்ளை பண்ணி வாங்கிக் குடுக்கணும், அது வர்ற வரைக்கும் அட்வான்ஸுக்கு மேல ஒரு பைசா குடுக்காதீங்க. இன்னொன்னு மேடம், எங்கயோ வச்சுட்டேன்னு சொல்றவர்ல சில பேர் உண்மையிலயே ஃபைனான்ஸ் கடையில ஆர்சிய அடமானம் வச்சிருப்பார். அந்தக் கடன் வாஹன்ல எங்கயும் ஏறியிருக்காது, ஏன்னா அது கைமாத்து மாதிரி வாங்குனது. பேங்க் லோன் மாதிரி முறையா எடுத்த லோனா இருந்தாத்தான் ஹைப்பாதிகேஷன்னு, அதாவது வண்டி மேல கடன் இருக்குன்னு, குடுத்தவங்க பேரோட காட்டும்.

அவர் அனுப்புன பிடிஎஃப்ப வச்சு முடிவு பண்ணாதீங்க, நீங்களே உங்க போன்ல வண்டி நம்பர் போட்டு எடுத்துப் பாருங்க. பிடிஎஃப் எந்த தேதில டவுன்லோடு பண்ணதுன்னு யாருக்கு தெரியும், நேத்து லோன் ஏறியிருக்கலாம். பாக்க வேண்டியது ஓனர் எத்தனையாவது ஆளு, ஹைப்பாதிகேஷன் இருக்கா, ரிஜிஸ்ட்ரேஷன் எதுவரைக்கும் உயிரோட இருக்கு, ப்ளாக்லிஸ்ட்ல இருக்கா. சலானுக்கு தனியா இ-சலான் சைட்ல பாக்கணும். ப்ளாக்லிஸ்ட்ல ஏதாவது கேஸ் நிக்குதுன்னா வாஹன்ல அந்த வண்டிக்கு ஒரு வேலையும் ஓடாது, பேர் மாத்த போட்ட அப்ளிகேஷன் அப்படியே நிக்கும்.

அப்புறம் பழைய ஆளுங்க பண்ற வேலை ஒண்ணு இருக்கு, இன்னைக்கும் அதை அடிச்சுக்க எதுவும் இல்ல. சேஸ் நம்பர்ங்கற வண்டியோட அடையாள நம்பர் பாடில குத்தியிருக்கும், எங்கன்னு மெக்கானிக் காட்டுவார், துணிய வச்சு கிரீஸத் தொடைச்சுட்டு மேல ஒரு வெள்ளப் பேப்பர வச்சு பென்சிலை சாய்ச்சுப் புடிச்சு லேசா தேய்ங்க. நம்பர் ஒவ்வொண்ணா வெள்ளையா எழும்பி வரும். அத போன்ல வந்த சேஸ் நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. ஆன்லைன்ல கடைசி கொஞ்ச எழுத்தை மறைச்சுடுவாங்க, அதுக்கு அவர் டிஜிலாக்கர் காப்பி ஒதவும். எந்த எழுத்தாவது சுரண்டுன மாதிரி, மத்ததோட வரிசையில நிக்காம மேல கீழ இருந்தா, வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வந்துடுங்க.

நான் வாங்கப்போற வண்டியோட ஓனர் துபாய்ல இருக்கார், வண்டி எங்க தெருவுல அவர் தம்பி வீட்டுல நிக்குது. ஆன்லைன்ல அப்ளை பண்ணா ஓடிபி போற நம்பர் யாரோடதுன்னு யாருக்குமே தெரியல. ஷோரூம் புரோக்கர் ஒருத்தர் 6000 ரூபா குடுங்க நான் பாத்துக்கறேன்னு சொல்றார்.
– வாசகர், ராமநாதபுரம்

யாரோடதுன்னு நான் சொல்றேன், வண்டி புதுசா எடுத்தப்ப ஷோரூம்ல ஆர்டிஓ வேலை பாத்த பையனோட நம்பரா இருக்கும். அப்பல்லாம் கஸ்டமர் நம்பர் கேட்டு போடுறதுக்கு சோம்பல்பட்டு அவங்க நம்பரையே எல்லா வண்டிக்கும் போட்டு தள்ளியிருப்பாங்க. இன்னைக்கு அந்த நம்பர்தான் சாவிய விட முக்கியம், சலானும் அதுக்குத்தான் போவுது, அப்ளிகேஷன் எந்த நிலைமையில இருக்குன்னும் அதுக்குத்தான் போவுது.

நம்பர் மாத்துறதுக்கு வாஹன்லயே வழி இருக்கு, வண்டி நம்பர், சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ரிஜிஸ்டர் ஆன தேதி எல்லாம் கேக்கும், ஓனர் யாருன்னு ஆதார் வச்சு சரிபாக்கும். ஆதார்ல அவர் குடுத்த இந்திய நம்பர் துபாய்ல ரோமிங்ல இருந்தா அங்கருந்தே ஓடிபி சொல்லி முடிச்சிடலாம், அவரே நேரடியா அவர் போன்ல பண்ணா இன்னும் நல்லது. ஆதார் ஓடிபிய புரோக்கருக்கு படிச்சுக் காட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆதார்ல நம்பரே செத்துப் போச்சுன்னா அவர் லீவுல வர்றப்ப நேர்ல போய் முடிக்குறதுதான் வழி, அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. அவர் தம்பி அண்ணன் கையெழுத்து நான் போடுறேன்னு சொல்லுவார், விடாதீங்க.

2022 செப்டம்பர்ல ஆதார் மூலமா ஆபீஸுக்கு போகாமயே பண்ணலாம்னு 58 சேவைய மத்திய அரசு அறிவிச்சுது, ஓனர்ஷிப் ட்ரான்ஸ்பரும் அதுல இருக்கு. நடைமுறைல எதை வீட்டுலருந்து முடிக்கலாம், எதுக்கு நேர்ல போகணும்ங்கறது மாநிலத்துக்கு மாநிலம், சேவைக்கு சேவை மாறுது, போர்ட்டல்ல உங்க ஆர்டிஓவை செலக்ட் பண்ணி உள்ள போனா என்ன காட்டுதோ அதான் கணக்கு.

அந்த 6000 பத்தி. மத்திய விதிப்படி பேர் மாத்துற ஃபீஸ் டூவீலருக்கு 150 ரூபா, சொந்த உபயோக காருக்கு 300 ரூபா. மேல ஸ்மார்ட் கார்டு, சர்வீஸ் சார்ஜ்னு கொஞ்சம் சேரும், லேட்டானா அதுக்கு அபராதம். மிச்சம் எங்க போவுதுன்னு நான் எழுதணுமா என்ன.

பேர் மாறி கார்டும் வந்துடுச்சு. ஆனா டிஜிலாக்கர்ல என் ஆர்சிய தேடுனா பேர் பொருந்தலன்னு வருது. எம்பரிவாஹன்ல மட்டும் தெரியுது. ஏன் சார்?
– வாசகர், ஈரோடு

இனிஷியல்! தமிழ்நாட்டுக்காரங்களுக்குன்னே பொறந்த பிரச்சனை. டிஜிலாக்கர் உங்க ஆதார்ல இருக்குற பேரை எடுத்து ஆர்சில இருக்குற பேரோட ஒத்துப் பாக்கும். ஆதார்ல இனிஷியல் பின்னாடி, ஆர்சில முன்னாடி, இல்ல ஒண்ணுல அப்பா பேர் முழுசா இன்னொண்ணுல ஒரே எழுத்துன்னா ஆளு வேறன்னு முடிவு பண்ணிடுது. ஆர்சில திருத்த தனியா அப்ளை பண்ணணும், இல்லன்னா ஆதார்ல மாத்தணும், ஆனா ஆதார்ல கை வச்சா பேங்க், பான் கார்டு எல்லாத்துலயும் வேற கதை ஆரம்பிக்கும். கார்டும் எம்பரிவாஹனும் கையில இருக்குறப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. இனிமே வாங்கப் போறவங்க ஃபார்ம் 30 எழுதுறப்பவே ஆதார்ல இருக்குற மாதிரி எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட அப்படியே எழுதுங்க. அட்ரஸும் அப்படித்தான், 2024 பிப்ரவரி கடைசிலருந்து தமிழ்நாட்டுல ஆர்சி கைல குடுக்குறது இல்ல, ஸ்பீட் போஸ்ட்லதான் வருது, கதவு நம்பர் தப்பா இருந்தா திரும்பி ஆபீஸுக்கே போயிடும்.

அப்பா இறந்து ரெண்டு மாசம் ஆச்சு, பைக் அவர் பேர்ல. வாங்க ஆள் ரெடி. அப்பா போன் இன்னும் ஆக்டிவா இருக்கு, ஓடிபி வரும், நேரா வாங்குறவர் பேருக்கே மாத்திடலாம்னு மாமா சொல்றார்.
– வாசகர், தஞ்சாவூர்

மாமா சொல்றத கேக்காதீங்க தம்பி. இறந்தவர் பேர்ல கையெழுத்தும் ஓடிபியும் போட்டு வித்தா அது மோசடி, கூடப் பொறந்தவங்க யாராவது நாளைக்கு பங்கு கேட்டு வந்தா மாட்டுறது நீங்களும் வாங்குனவரும்தான். இதுக்குன்னே ஃபார்ம் 31 இருக்கு. இறந்து 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தகவல் சொல்லணும், 3 மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்த அப்ளை பண்ணணும். உங்களுக்கு மொத கெடு போயிடுச்சு, ரெண்டாவது இன்னும் இருக்கு, இந்த வாரமே போங்க. இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதுன பேப்பர் இதெல்லாம் கேப்பாங்க. உங்க பேருக்கு வந்ததுக்கு அப்புறம் வித்துக்கோங்க. 2021லருந்து ஆர்சிலயே நாமினி பேர் சேக்கலாம், வீட்டுல பெரியவங்க பேர்ல வண்டி இருக்குறவங்க அதை இப்பவே பண்ணி வச்சா பின்னாடி அலைச்சல் கொறையும்.

கார் வித்தா இன்சூரன்ஸும் கூடவே போயிடுமா? என்னோட நோ க்ளைம் போனஸ் 50 சதவீதம் இருக்கு.
– வாசகி, கோவை

அந்த போனஸ், அதாவது க்ளைம் எடுக்காததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி, உங்களோடது மேடம், காரோடது இல்ல. வித்ததுக்கு கம்பெனிக்கு ஆதாரம் காட்டி நோ க்ளைம் போனஸ் (என்சிபி) சர்டிபிகேட் வாங்கிட்டா 3 வருஷத்துக்குள்ள எடுக்குற புது காருக்கு அதே 50 சதவீதம் போட்டுக்கலாம். இதை தெரியாம நெறைய பேர் பாலிசிய அப்படியே தூக்கிக் குடுத்துடுறாங்க.

வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. மூணாவது ஆளுக்கு ஆகுற நஷ்டத்துக்கான பாதுகாப்பு வண்டியோட உங்களுக்கு வந்துடும்னு சட்டமே சொல்லுது, ஆனா உங்க காருக்கே அடிபட்டா க்ளைம் கெடைக்கணும்னா பாலிசி உங்க பேருக்கு மாறியிருக்கணும். 14 நாள்ல கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும். ஆர்சி மாறட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தீங்கன்னா அந்த நடு நாள்ல அடிபட்டா ஆர்சி ஒரு பேர், பாலிசி ஒரு பேர், க்ளைம் அம்போ.

ரெண்டாம் கையா வாங்குன கார்ல கனெக்டெட் ஆப் இருக்கு. என் போன்ல போட்டா ஏற்கனவே ஒருத்தர் அக்கவுன்ட்ல இருக்குன்னு வருது. இத விட்டுட்டா ஏதாவது ஆயிடுமா?
– வாசகர், சென்னை

ஆகும். நீங்க எங்க போறீங்க, எப்ப வீட்டுல இல்ல, ஏசிய ஆன் பண்றது, கதவ திறக்குறது, மாடலைப் பொறுத்து எல்லாமே அவர் போன்லருந்து முடியும். அவர் நல்லவராவே இருக்கட்டும், அவர் போன் தொலைஞ்சா? அவர்கிட்ட பேசி அவர் ஆப்புல போய் வண்டிய நீக்கச் சொல்லுங்க. வெறும் ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணா போதாது, அக்கவுன்ட்ல வண்டி அப்படியேதான் இருக்கும். அவர் பண்ணலன்னா கம்பெனி கஸ்டமர் கேருக்கு உங்க பேர்ல இருக்குற ஆர்சியும் அடையாள அட்டையும் அனுப்புங்க, அதுக்கும் பேர் மாறியிருக்கணும் பாருங்க.

விக்கிறவங்களுக்கும் இதே கதைதான். டச் ஸ்க்ரீன்ல உங்க போன் கான்டாக்ட் மொத்தமும் ஏறியிருக்கும், மேப்ல வீடுன்னு போட்டு உங்க அட்ரஸ் இருக்கும். செட்டிங்ஸ்ல ஃபேக்டரி ரீசெட் ஒண்ணு குடுத்துட்டு சாவிய நீட்டுங்க. அதுக்கு முன்னாடி சர்வீஸ் ஹிஸ்டரிய சர்வீஸ் சென்டர்ல கேட்டு பிரின்ட் எடுத்து வாங்குறவருக்கு குடுத்தா அவரும் பேரம் பேச வாய் திறக்க மாட்டார், மீட்டர சுத்தி கிலோமீட்டர கொறைச்சு வச்சிருக்கானோங்குற சந்தேகம் அங்கயே தீந்துடும்.

வாட்ஸ்அப்புல ஆர்டிஓ சலான்னு சொல்லி ஏபிகே ஃபைல் வந்துருக்கு, வண்டி நம்பர் என்னோடதுதான்.
– வாசகர், திருநெல்வேலி

தொடாதீங்க. ஏபிகேன்னா போன்ல ஆப் ஏத்துற ஃபைல், எந்த ஆர்டிஓவும் அதை அனுப்ப மாட்டாங்க, இன்ஸ்டால் பண்ணா உங்க எஸ்எம்எஸ் எல்லாத்தையும் படிச்சு பேங்க் ஓடிபிய எடுத்துடும். உண்மையிலயே சலான் இருக்கான்னு இ-சலான் சைட்ல நீங்களே போய் பாருங்க.

புதுச்சேரி வண்டி விலை கம்மியா வருது, விழுப்புரத்துல இருக்கேன், வாங்கலாமா? ஃபாஸ்டேக்ல 800 ரூபா இருக்கு அதையும் தரேன்னு சொல்றார்.
– வாசகர், விழுப்புரம்

ஃபாஸ்டேக் அவர் கேஒய்சி, அவர் பேங்க், அவர் பணம். அவரையே க்ளோஸ் பண்ணி 800-ஐயும் டெபாசிட்டையும் வாங்கிக்கச் சொல்லுங்க, ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான்ங்கறதால அவர் முடிச்சாத்தான் உங்களுக்கு புதுசு சிக்கல் இல்லாம வரும். டோலுக்கு ஆனுவல் பாஸ் போட்டிருந்தாலும் அதை கைமாத்த முடியாது, விலையில சேத்து கேட்டா குடுக்காதீங்க.

வண்டி விலை கம்மியா தெரியுறதுக்கு காரணம் வரி. இங்க பேருக்கு மாத்தணும்னா அவர் புதுச்சேரி ஆபீஸ்ல ஃபார்ம் 28 போட்டு என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லன்னு சர்டிபிகேட், வாங்கணும், லோன் இருந்தா அதுக்கு முன்னாடி பேங்க் லெட்டரோட ஃபார்ம் 35 போட்டு ஹைப்பாதிகேஷன் கேன்சல் ஆகியிருக்கணும். என்ஓசி வந்தப்புறம் வண்டி எத்தனை வருஷம் ஓடுனதுன்னு பாத்து தமிழ்நாட்டு வரி கட்டி, டிஎன் நம்பர் வாங்கணும். என்ஓசி வாங்காமயே புதுச்சேரியோட பிஒய் நம்பர்லயே ஓட்டிக்கலாம்னு சொல்லுவாங்க, வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா இங்க ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும். வரி எவ்வளவு வரும்னு இங்க ஆபீஸ்ல மொதல்ல கேளுங்க, அதை அவர் சொல்ற விலையோட கூட்டிப் பாருங்க. டிஎன் வண்டி விலைக்கே வந்து நின்னுச்சுன்னா எதுக்கு இந்த அலைச்சல், உள்ளூர்லயே ஒண்ணு பாத்துக்கோங்க.